1,240 கிலோமீட்டர்தானேன்னு தனியா கிளம்பினேன்: கரெத்தேரா ஆஸ்த்ரால்ல நான் பட்டது

பிப்ரவரி 1ஆம் தேதி மத்தியானம் அர்ஜென்டினால எல் கலஃபாத்தே ஏர்போர்ட்ல நான் ஏறியிருக்க வேண்டிய ஃப்ளைட் என்னை விட்டுட்டு கிளம்பிருச்சு. அந்த நேரம் நான் சிலி நாட்டோட தென்கோடில வில்லா ஓஹிகின்ஸ்னு ஒரு குட்டி ஊர்ல, ஹாஸ்டல் சமையல்கட்டுல விறகு அடுப்பு பக்கத்துல உக்காந்து அழுதுட்டு இருந்தேன். கையில மிச்சம் இருந்தது 8,000 சிலி பெசோ. வெளிய காத்து தகரக் கூரைய தூக்கி தூக்கி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. என்னை ஏரிக்கு அந்தப்பக்கம் கூட்டிட்டுப் போக வேண்டிய படகு மூணாவது நாளா போகல. போறதுக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் தமிழ்ல எனக்கு இதெல்லாம் சொல்லியிருந்தா பாதிக் கஷ்டம் இருந்திருக்காது, அதனாலதான் உக்காந்து முழுசா எழுதுறேன்.

முதல்ல இந்த ரோடு பத்தி. கரெத்தேரா ஆஸ்த்ரால், ரூட் 7னும் சொல்வாங்க, புவேர்த்தோ மோன்ட்ல ஆரம்பிச்சு வில்லா ஓஹிகின்ஸ் வரைக்கும் சுமார் 1,240 கிலோமீட்டர். சர்வாதிகாரி பினோசெட் ஆட்சில 1976ல வேலைய ஆரம்பிச்சு, ராணுவத்து ஆளுங்கள வெச்சு மலைய வெட்டி வெட்டி போட்டது, கடைசி ஊர் வரைக்கும் வந்து சேர 2000 ஆயிருச்சு. அதுக்கு முன்னாடி இங்க பல ஊருக்கு கடல்ல வரணும், இல்ல குட்டி விமானம், இல்லன்னா அர்ஜென்டினாவுக்குள்ள போய் சுத்தி வரணும். ஏன்னா ஆண்டிஸ் மலை இங்க நேரா கடல்ல போய் இறங்குது, நடுவுல ரோடு போட சமதரையே கிடையாது, கடல் உள்ள உள்ள நுழைஞ்சு விரல் விரலா ஃபியோர்டா கிடக்குது. அதனால வடக்குப் பக்கம் ரோடு அங்கங்க அறுந்துபோய், மிச்சத்த வண்டிய ஏத்திக்கிட்டுப் போற பெரிய படகுலதான் தாண்டணும், பர்காசான்னு சொல்றாங்க. எனக்கு இதெல்லாம் படிச்சு தெரியும். தெரிஞ்சும் என்ன பண்ணேன்னா, 1,240 கிலோமீட்டர 16 நாளால வகுத்து ஒரு நாளைக்கு 78 கிலோமீட்டர்தானே, இதைவிட மெதுவா யாரு போவான்னு நினைச்சேன். ஜனவரி 8 கிளம்பி 24ல முடிச்சு, 25 படகுல அர்ஜென்டினா, பிப்ரவரி 1 ஃப்ளைட். எல்லாத்துக்கும் தேதி போட்டு, ரூம், டிக்கெட் எல்லாம் முன்னாடியே பணம் கட்டிட்டேன்.

முதல் அடி மூணாவது நாளே. ஓர்னோபிரேன்ல இருந்து லெப்தெபூவுக்கு மூணரை மணி நேரப் படகு, அப்புறம் 10 கிலோமீட்டர் மண் ரோடு, திரும்ப ஃபியோர்தோ லார்கோல இருந்து கலேத்தா கொன்சாலோவுக்கு முக்கால் மணி நேரப் படகு. நான் நடந்து ஏறுற பயணியா டிக்கெட் எடுத்தேன், சீட்டு ஈஸியா கிடைச்சுது, சந்தோஷமா ஏறிட்டேன். அந்தப்பக்கம் இறங்கினா பஸ் நிக்கும்னு நானா முடிவு பண்ணிக்கிட்டேன். கலேத்தா கொன்சாலோங்கிறது ஊரே இல்லங்க. படகுத்துறை, கொஞ்சம் கேபின், மிச்சமெல்லாம் காடு. அடுத்த ஊரான சைத்தேன் 50 கிலோமீட்டருக்கும் மேல. புவேர்த்தோ மோன்ட்ல இருந்தே நேரா படகுல ஏறி வர்ற பஸ்ஸு ஒண்ணு இருக்கு, அதுல சீட்டு எடுத்தவங்க அதுலயே போயிட்டாங்க, கார்ல வந்தவங்க கார்ல போயிட்டாங்க, 15 நிமிஷத்துல அந்த இடத்துல நானும் மழையும்தான். அன்னைக்கு கடைசியா இறங்கின லாரி டிரைவர் ஒரு பெரியவர், நான் நிக்கிறதப் பாத்து வண்டிய நிறுத்தி ஏத்திக்கிட்டார். அவர் நிறுத்தலன்னா என்கிட்ட டென்ட்கூட அப்ப கிடையாது. அதனால, நடந்து போறவங்க புவேர்த்தோ மோன்ட் பஸ் ஸ்டாண்டுலயே சைத்தேன் வரைக்கும் நேர் பஸ் எடுத்துருங்க. அது கிடைக்கலன்னா படகுல இருக்கிற அந்த மூணரை மணி நேரத்துல வண்டி வெச்சிருக்கிறவங்ககிட்ட பேசி லிஃப்ட் கேட்டு முடிச்சுருங்க. இறங்கின அப்புறம் யாரும் நிக்க மாட்டாங்க, படகுல டீ குடிச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கிறப்ப எல்லாருமே பேசுவாங்க.

சைத்தேன்ல ரெண்டு நாள் போச்சு. ஜனவரி, பிப்ரவரி அங்க கோடை லீவு, சிலி நாட்டுப் பசங்களே முதுகுல மூட்டைய கட்டிக்கிட்டு நூத்துக்கணக்குல இந்த ரோட்டுக்கு வர்றாங்க. தெற்க போற பஸ் தினமும் கிடையாது, போற நாள்லயும் சீட்டு இல்ல. நான் பஸ் இருக்கிற ஊருக்குப் போனதும் முதல் வேலையா ரூம் தேடினேன், குளிச்சேன், சாப்ட்டேன், மறுநாள்தான் பஸ் ஆபீஸுக்குப் போனேன். தப்பு. இறங்கின உடனே, மூட்டையோடவே போய், அடுத்த பஸ் என்னைக்கு, அதுல சீட்டு இருக்கான்னு கேட்டு எடுத்துட்டுத்தான் ரூமுக்கே போகணும். ஆனா அந்த ரெண்டு நாள் வீணாப் போச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன். 2008 மே மாசம் பக்கத்துல இருக்கிற எரிமலை திடீர்னு வெடிச்சு ஊரையே காலி பண்ணாங்க, சாம்பல் வந்து ஆத்த அடைச்சு, ஆறு ஊருக்குள்ள புகுந்துருச்சு. அரசாங்கம் ஊரையே வேற இடத்துக்கு மாத்தலாம்னு பாத்துச்சு, ஜனங்க விடாம திரும்பி வந்து குடியேறினாங்க. சாம்பல்ல பாதி புதைஞ்ச வீடுங்க இன்னும் அப்படியே நிக்குது, ஜன்னல் வரைக்கும் சாம்பல். அந்த வீட்டு வாசல்ல நின்னு, இவங்க இழந்ததுக்கு முன்னாடி என் பஸ் டிக்கெட் என்னன்னு தோணுச்சு. ஆனா அந்த எண்ணம் ரொம்ப நாள் நிக்கல, அதையும் ஒத்துக்கணும்.

பூமாலின் பூங்கா இங்கதான் இருக்கு. டக்ளஸ் டாம்ப்கின்ஸ்னு ஒரு அமெரிக்கத் தொழிலதிபர் காட்ட காட்டா வாங்கிப் பாதுகாத்து, அவர் போன அப்புறம் அவர் மனைவி சிலி அரசாங்கத்துக்கே கொடுத்து, 2018ல தேசியப் பூங்கா ஆச்சு. ஆயிரக்கணக்கான வருஷம் வாழுற அலெர்சே மரங்கள் இருக்கு, அதுக்குன்னே நடைபாதை போட்டிருக்காங்க, அரை நாள் ஒதுக்குங்க. டாம்ப்கின்ஸ் எப்படி இறந்தார்ங்கிறத நான் அப்புறம்தான் சரியா புரிஞ்சுக்கிட்டேன். 2015 டிசம்பர்ல தெற்க இருக்கிற கெனரல் கர்ரேரா ஏரில கயாக் ஓட்டிட்டு இருந்தப்ப காத்துல அலை எழும்பி கவுந்து, அந்த ஜில்லு தண்ணில கிடந்து உடம்பு சூடு இறங்கியே போயிட்டார். அந்தப் பகுதிய உள்ளங்கை மாதிரி தெரிஞ்ச மனுஷன். ஏரிதானேன்னு நினைக்கிற நம்ம ஊர்க் கணக்கு இங்க செல்லாது, பசிபிக்ல இருந்து வர்ற மேல்காத்து மலை இடுக்குல புகுந்து ஏரிய கடலாக்கிடும்.

புயுவாபில ஒரு நாள் போச்சு, மழைல தெற்க ரோட்டுல மண் சரிஞ்சு வழி மூடிட்டாங்க. 1935ல ஜெர்மன் குடியேறிங்க உண்டாக்கின கடலோரக் கிராமம், ஃபியோர்டு முனைல இருக்கு, மர வீடுங்க, ரொம்ப அழகு. நான் போன அன்னைக்கு நாள் பூரா மழை, கேவுலாத் மலைல தொங்குற பனிப்பாறைய மேகம் மூடிருந்துச்சு. அடுத்த நாள் ரெண்டு மணி நேரம் திறந்து காட்டுச்சு. இந்த ரோடு பூரா அப்படித்தான், ஒரு இடத்துல ஒரே ஒரு நாள் வெச்சீங்கன்னா அந்த இடத்த பாக்காமலே போக ரெடியா இருக்கணும். கொய்ஹைக்கேக்கு மூணு நாள் லேட்டா போய்ச் சேந்தேன், முன்னாடியே பணம் கட்டின ரெண்டு ராத்திரி ரூம் போயிருச்சு, 4,500 ரூபாய்.

கொய்ஹைக்கேதான் ஐசேன் பகுதிக்குத் தலைநகரம், பெரிய சூப்பர் மார்க்கெட், ஏடிஎம், எல்லாம் இருக்கிற பெரிய ஊர். இங்க நான் பண்ண ஒரு தப்புதான் பின்னாடி என்னை அழ வெச்சுது. ஒவ்வொரு தடவ பணம் எடுக்கும்போதும் வெளிநாட்டு கார்டுக்குக் கட்டணம் பிடிக்கிறாங்களேன்னு ஒரே தடவ 1,50,000 பெசோ மட்டும் எடுத்தேன். மிச்சத்த தெற்க இருக்கிற கோக்ரேன் ஊர்ல எடுத்துக்கலாம்னு. கோக்ரேனுக்குப் போனது சனிக்கிழமை சாயங்காலம், மெஷின்ல பணம் இல்ல, திங்கள்கிழமைதான்னு சொல்லிட்டாங்க, திங்கள் வரைக்கும் நிக்க எனக்கு நாள் இல்ல. தெற்க போகப் போக சின்னக் கடை, ஹாஸ்டல், வேன் எல்லாம் எஃபெக்தீவோன்னு ரொக்கம்தான் கேட்டாங்க. கட்டணத்த மிச்சம் பிடிக்கப் பாக்காதீங்க. கொய்ஹைக்கேல, உங்களுக்குத் தேவைன்னு நினைக்கிறத மாதிரி ரெண்டு மடங்கு ரொக்கம் எடுத்து, ரெண்டு மூணு இடத்துல பிரிச்சு வெச்சுக்கோங்க. நான் கொய்ஹைக்கேல பண்ண ஒரே நல்ல காரியம், ஹாஸ்டல்ல ஊருக்குத் திரும்புற ஒரு பொண்ணுகிட்ட 35,000 பெசோவுக்கு பழைய டென்ட் வாங்கினது. நான் டென்ட்ல படுக்கிற ஆளே கிடையாது, ஆனா கலேத்தா கொன்சாலோ மழைக்கு அப்புறம் அது இல்லாம ஒரு அடி நகரக் கூடாதுன்னு தோணிருச்சு.

வில்லா செர்ரோ கஸ்தியோ தாண்டினதும் பெரும்பாலும் ரிப்பியோதான், சரளைக் கல்லு ரோடு. பஸ் 30, 40க்கு மேல போகாது, ஜன்னல் இடுக்குல தூசி வந்து பல்லுல நரநரக்கும். ரியோ திராங்கிலோல பளிங்குக் குகை பாக்கப் படகுல போகணும், அங்கதான் முதல் தடவையா "புவேர்த்தோ செர்ராதோ"ங்கிற வார்த்தையக் கேட்டேன். துறை மூடியாச்சுன்னு அர்த்தம். காத்து பலமா இருந்தா கடற்படைக்காரங்க துறைய மூடிடுவாங்க, அதுக்கப்புறம் எந்தப் படகுக்காரரும் எடுக்க முடியாது, கெஞ்சினாலும் காசு கூடக் கொடுத்தாலும் நடக்காது. எனக்கு மறுநாள் காலைல ஏழு மணிக்கு கிடைச்சுது. காத்து மத்தியானத்துக்கு மேல ஏறுது, அதனால எந்தப் படகா இருந்தாலும் காலைல முதல் படகு கேளுங்க. அந்த வார்த்தைய நான் அப்பவே சீரியஸா எடுத்திருக்கணும்.

தோர்த்தெல் பத்தி எவ்வளவு எழுதினாலும் பத்தாது. ரோடே கிடையாது ஊருக்குள்ள, மலைச்சரிவுல வீடுங்க, கடல் ஓரமா சைப்ரஸ் மரப் பலகைல பாலம் பாலமா நடைபாதை, படிக்கட்டு. 2003 வரைக்கும் வெளில இருந்து வண்டி வர வழியே கிடையாது. மேல வண்டி நிக்கிற இடத்துல இறங்கி எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நூத்துக்கணக்கான படி இறங்கணும், சக்கரம் வெச்ச பெட்டி கொண்டு வந்த ஒரு வயசான தம்பதி பட்ட பாட்டப் பாத்தேன், முதுகுப்பை மட்டும் கொண்டு போங்க. ராத்திரி முழுக்க பலகைக்கு அடில தண்ணி சலசலன்னு இருந்துச்சு. அங்க ஒரு வாரம் இருந்திருக்கணும். ஆனா என் கையில படகுத் தேதி இருந்துச்சே, 25ஆம் தேதிப் படகு போயிருச்சு, அத 30க்கு மாத்திக் கொடுத்திருந்தாங்க, அதனால அடுத்த நாளே கிளம்பினேன்.

அந்த அவசரம்தான் என்னை நடுரோட்டுல நிறுத்துச்சு. வில்லா ஓஹிகின்ஸ் பஸ்ஸு அன்னைக்குக் கிடையாதுன்னு தெரிஞ்சும், தோர்த்தெல்ல இருந்து வெளிய வர்ற ஒரு வேன்ல ஏறி, ரூட் 7 பிரியிற முக்குல இறங்கிட்டேன், யாராவது ஏத்திப்பாங்கன்னு. அஞ்சரை மணி நேரம் நின்னேன். மொத்தம் நாலு வண்டி, நாலும் நிறைஞ்சு போச்சு. மழைன்னா அடிச்சுப் பெய்யிற மழை இல்ல, விடாம சாரல், பக்கவாட்டுல இருந்து. நான் போட்டிருந்தது ஜீன்ஸ், உள்ள காட்டன் பனியன். மூணு மணி நேரத்துல கை நடுங்க ஆரம்பிச்சு, பை ஜிப்ப திறக்க முடியல, விரல் சொன்ன பேச்சு கேக்கல. டென்ட் இருக்குன்னுகூட உடனே தோணல, அதுதான் எனக்கு இப்பவும் பயமா இருக்கு, குளிர் ஏறினா யோசனையும் நின்னுபோகுது. கடைசில ரோடு வேலை பாக்குறவங்க பிக்கப் ஒண்ணு தோர்த்தெல் பக்கமா திரும்பிப் போச்சு, அவங்களே கதவத் திறந்து ஏத்தி, ஹீட்டர மேல வெச்சு, ஃப்ளாஸ்க்ல இருந்து மாத்தே ஊத்திக் கொடுத்தாங்க. அந்தக் கசப்பு டீ ருசி நாக்குலயே இருக்கு. அந்த இடத்துல ஜீன்ஸும் காட்டனும் ஆபத்து, ஒரே ஒரு கம்பளி இல்லன்னா சிந்தெடிக் உள்சட்டையாவது போட்டு, உலர்ந்த துணி ஒரு செட்ட பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சுக்கோங்க, நடுக்கம் ஆரம்பிச்சதுமே டென்ட்ட போட்டு மாத்திருங்க. லிஃப்ட் கேட்டுப் போறது அங்க ரொம்ப சகஜம், தனியா போற பொண்ணு என்கிட்ட யாரும் தப்பா நடந்துக்கல, ஆனா ரெண்டு தடவ மனசுக்குப் பிடிக்காம வேண்டாம்னு சொல்லி அனுப்பிருக்கேன். ஊருக்கு வெளிய முக்குல இறங்கி நிக்காதீங்க, ஊருக்குள்ளயே நில்லுங்க, வண்டி வரலன்னா திரும்பிப் போய்ப் படுக்க ஒரு கூரை இருக்கும்.

ரெண்டு நாள் கழிச்சு பஸ்லயே போனேன். புவேர்த்தோ யுங்காய்ல இருந்து ரியோ பிராவோவுக்கு முக்கால் மணி நேரப் படகு, அது அரசாங்கப் படகு, இலவசம், அதுக்கப்புறம் 100 கிலோமீட்டர் ஆளே இல்லாத ரோடு. ரெண்டு பக்கமும் மலைல இருந்து வெள்ளை நூல் மாதிரி அருவி. 29ஆம் தேதி வில்லா ஓஹிகின்ஸ்ல இறங்கினப்ப கையில 62,000 பெசோ, படகுக்கு ஏற்கெனவே பணம் கட்டியாச்சு, ஹாஸ்டல் ஒரு ராத்திரிக்கு 18,000. ஒரு ராத்திரிதானே, 30ஆம் தேதி படகு, அந்தப்பக்கம் நடந்து அர்ஜென்டினா ஊரான எல் சால்தேன், 1ஆம் தேதி ஃப்ளைட், இழுத்துப் பிடிச்சா முடிச்சிடலாம்னு கணக்குப் போட்டேன். 30 காலைல வந்த மெசேஜ்: புவேர்த்தோ செர்ராதோ. 31, அதே. 1, அதே. ஓஹிகின்ஸ் ஏரி 836 மீட்டர் ஆழம், அமெரிக்கக் கண்டங்கள்லயே ஆழமான ஏரி, கரைல நின்னு பாத்தேன், வெள்ளையா அலை மடங்கி மடங்கி வருது. படகு எடுக்காதது சரின்னு கண்ணு சொல்லுது, மனசு ஏத்துக்கல. "பத்தகோனியால அவசரப்படுறவங்க நேரத்த இழப்பாங்க"ன்னு அங்க ஒரு வழக்கு உண்டு, பத்தகோனியான்னா சிலி, அர்ஜென்டினாவோட இந்தத் தெற்குப் பகுதி. வடக்க ஒரு டிரைவர் சொன்னப்ப இனிமையா இருந்துச்சு, ஹாஸ்டல் அம்மா சொன்னப்ப எனக்குக் கோவம்தான் வந்துச்சு, ஏன்னா போனது நேரம் மட்டும் இல்லையே.

என்ன போச்சுன்னு சொல்லிடறேன். கலஃபாத்தே-பியூனஸ் அயர்ஸ் டிக்கெட் 14,500 ரூபாய், திரும்பக் கிடைக்காத வகை. அதோட சேராம தனியா எடுத்த ஊர் திரும்புற டிக்கெட்ட மாத்த 58,000. எல் சால்தேன் ரூம் 9,000. கொய்ஹைக்கே 4,500ம் சேத்து மொத்தம் 86,000. ரெண்டு டிக்கெட்டும் தனித்தனியா எடுத்தா முதல் ஃப்ளைட்ட விட்டதுக்கு ரெண்டாவது கம்பெனி பொறுப்பில்ல, ஒரே புக்கிங்கா எடுத்தாலும் முதல் ஃப்ளைட்ல ஏறலன்னா மிச்சம் தானா கேன்சல் ஆயிடும், அதனால கிளம்புற நேரத்துக்கு முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லணும். என்னால பேச முடியல, ஊர் நடுவுல இருக்கிற பிளாசா மைதானத்துல இலவச வைஃபை இருக்கு ஆனா நாலு வார்த்தைக்கு ஒரு தடவ அறுந்துபோகும். எங்க அக்காதான் ஊர்ல ராத்திரி ஒன்றரை மணிக்கு முழிச்சு உக்காந்து ஏர்லைன்ஸ்கிட்ட பேசி மாத்தினா, அதுவும் ஊர் திரும்புற அந்த ஃப்ளைட் கிளம்ப ரெண்டு மணி நேரம் முன்னாடி. "உன் பிஎன்ஆர் என்னடி, அத மொதல்ல அனுப்பு"ன்னு அவ கேட்டு, அந்த ஆறு எழுத்த அனுப்பவே எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. கிளம்புறதுக்கு முன்னாடியே வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட எல்லா புக்கிங் நம்பரும், பாஸ்போர்ட் காப்பியும், யாருக்குக் கூப்பிடணும்ங்கிறதும் கொடுத்துட்டுப் போங்க.

ரொக்கம் தீந்ததுக்கு வழி ஒரு சைக்கிள்காரர்கிட்ட கிடைச்சுது. அவருக்கு எல் சால்தேன்ல ரூம் ஆன்லைன்ல புக் பண்ணணும், கார்டு வேலை செய்யல, கையில பெசோ நிறைய. அவருக்கு என் கார்டுல கட்டினேன், அவர் எனக்கு அதே தொகைய பெசோவா கொடுத்தார். கேக்கக் கூச்சமா இருந்துச்சு, ரெண்டு நாள் கேக்காமலே ரொட்டியும் பருப்பும் சாப்ட்டுட்டு இருந்தேன். கேட்டதும் ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுது. சமையல்கட்டுல எல்லார்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லுங்க, மாட்டிக்கிட்ட ஊர்ல எல்லாருக்கும் ஏதோ ஒண்ணு குறையும்.

இனி திரும்பப் போனா, பத்து நாள் வழிக்கு இருபது நாள் வெப்பேன், கடைசிப் படகுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல ஒரு முழு வாரம் சும்மா விடுவேன். அவ்வளவு நாள் லீவு கிடைக்காதவங்க கொய்ஹைக்கேயோட திரும்பிருங்க, பல்மசேதா ஏர்போர்ட் ஒரு மணி நேரம்தான், பாதி ரோட்ட நிம்மதியா பாக்கலாம்.

4ஆம் தேதி காலைல துறை திறந்துச்சு. கன்தெலாரியோ மன்சியால இறங்கினதும் சிலி போலீஸ் சாவடில பாஸ்போர்ட்டுல முத்திரை, அத மறந்துட்டு நடக்காதீங்க. அங்க இருந்து எல்லை தாண்டி லாகோ தெல் தெசியெர்த்தோ ஏரி வரைக்கும் சுமார் 22 கிலோமீட்டர், கடைசி 6 கிலோமீட்டர் சேறும் ஓடையும் வேரும்தான். ஃப்ளைட் ஏற்கெனவே போயிருச்சு, யாரும் எனக்காகக் காத்திருக்கல, அதனால முதல் தடவையா மணி பாக்காம நடந்தேன். ஏரிக்கு மேல மரம் விலகின இடத்துல ஃபிட்ஸ் ராய் சிகரம் முழுசா தெரிஞ்சுது, மேகமே இல்ல, மூட்டைய இறக்கி வெச்சுட்டு உக்காந்துட்டேன். கீழ இறங்கினப்ப அர்ஜென்டினா எல்லைச் சாவடில இருந்தவர் முத்திரை குத்திட்டு, இன்னைக்குக் கடைசிப் படகு போயிருச்சு, நாளைக்குத்தான்னு சொன்னார். சரின்னு சொல்லிட்டு, ஏரிக்கரைல அந்த 35,000 பெசோ டென்ட்ட விரிச்சேன்.